எடுத்தது இருபது, வைத்தது இருபது

தேற்றாத்தீவு
14.09.2025

அன்புள்ள நஸீறா ராத்தாவுக்கு,

சுலோஜனா எழுதுகிறேன். ஒன்பது நாளாக உங்களுக்கு அழைக்கிறேன். முதலில் மணி போனது, நீங்கள் எடுக்கவில்லை. நேற்றிலிருந்து மணியும் போகவில்லை. என் நம்பரை மறித்துவிட்டீர்கள் என்று விளங்கிவிட்டது. ஏறாவூரில் மகள் வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு, நம் பெண்கள் இல்லத்துப் பதிவுக் கொப்பியில் அந்த விலாசத்தைத் தேடி எடுத்து எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பல வருடம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இல்லத்துப் பிள்ளை விதுர்ஷாவின் செத்த வீட்டுக்கு நான் போனேன். வவுணதீவு தாண்டி உள்ளே போக வேண்டும். அவளுடைய அம்மா சீதேவிப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரவில நிக்கிற மற்றவ எங்க புள்ள? அவதானே என்ட புள்ளைக்குத் தலைமயிர் இழுத்துப் பின்னி விடுற" என்று கேட்டா. உங்களுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல.

ராத்தா, நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இல்லப் பொறுப்பாளர் திவாகரன் சேர் வேறு மாதிரிக் கதைக்கிறார். பிள்ளையின் இரத்தத்தில் வலிப்புக் குளிசையின் மருந்து இருக்க வேண்டிய அளவைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்ததாம். ஏழு நாளுக்கும் பிரித்து வைக்கிற அவளுடைய கிழமைப் பெட்டியில் மிச்சம் இருந்த இரண்டு நாள் குளிசையை எடுத்துப் பார்த்தார்களாம், அது சரியாக இருந்ததாம். "பெட்டி சரியெண்டா, கை பிழை. ராவில சத்தம் போடாமக் கிடக்கட்டும் எண்டு கூட்டிக் குடுத்திருக்கிறா" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் பேசக்கூடிய இடமாக அது இருக்கவில்லை.

ஒக்ரோபர் பத்தாம் திகதி விசாரணை. இல்லத்தை நடத்தும் சபையிலிருந்து மூன்று பேர் வருவார்கள், பொலிசும் வரும். நீங்கள் அதிகம் கதைக்காமல், "பெட்டியில் இருந்ததைக் கொடுத்தேன், கையெழுத்து வைத்தேன், வேறு தெரியாது" என்று மட்டும் சொன்னால் நல்லது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். உங்களுக்குப் புத்தி சொல்ல நான் யார்.

பகலுக்கு நான், இரவுக்கு நீங்கள் என்று மூன்று வருடம் இருந்தோம். இப்போது இரவுக்கு நிரந்தரமாக ஒருவரும் இல்லை. மாறி மாறி ஆளை அனுப்புகிறார்கள். மிச்சம் இருக்கிற பதின்மூன்று பேரும் உங்களைத்தான் கேட்கிறார்கள்.

பதில் எழுதுங்கள் ராத்தா.

உங்கள் தங்கை,
சுலோஜனா


ஏறாவூர்
19.09.2025

சுலோ,

உன் கடிதம் கிடைத்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். உன்னைப் போல் வளைத்து எழுத எனக்கு வராது.

உன் நம்பரை மறித்தது நான்தான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் உன்னைத் தேற்றுவேன், கேட்க வேண்டியது கேட்காமலே போய்விடும். மூன்று வருடமாக அதுதானே நடந்தது. எழுத்தில் அழுதால் தாள்தான் நனையும்.

முகநூலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாயா? "ஊனமுற்ற தமிழ் யுவதிக்கு மாத்திரை கொடுத்துக் கொன்ற முஸ்லிம் பெண்." எழுநூறு பேர் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். கூடவே என் படம். விளையாட்டுப் போட்டி அன்று விதுர்ஷா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்த படம் அது. அவளை வெட்டி எடுத்துவிட்டு என்னை மட்டும் போட்டிருக்கிறார்கள். என் தோளில் அவளுடைய விரல் நாலும் இன்னும் தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்தது நீ. மருமகனின் கடைக்கு முன்னால் இரண்டு பேர் வந்து நின்று என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் பலகையைப் போட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்து படுத்தார். என் மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைத்து ஒரு கிழமை.

உன் புத்திக்கு நன்றி. இப்போது நான் உனக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

அந்தக் கிழமை ஞாயிறிலிருந்து பிள்ளைக்கு ஒரே நித்திரை. செவ்வாய்க்கிழமை சோற்றுத் தட்டில் தலையைப் போட்டுத் தூங்கினாள். புதன்கிழமை தின்றதெல்லாம் சத்தி எடுத்தாள். நீ என்ன சொன்னாய்? "நல்லது ராத்தா, கொஞ்சம் அடங்கிக் கிடக்கட்டும், போன கிழமை முழுக்கக் கத்தினவள்" என்றாய். நானும் ஓம் என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பதினாலு பேரில் ஒருத்தி அடங்கினால் ஒரு கை மிச்சம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் சத்தி எடுத்து அதிலேயே மூச்சடைத்துப் போய்க் கிடக்கிறாள். உடம்பு குளிர்ந்துவிட்டது.

நான் கொடுத்தது இரண்டு குளிசை. என்றும் போல இரண்டு. கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் குளிசை பெரிது. கையில் எடுத்தபோதே தெரிந்தது. மாதத்துக்கு ஒரு கம்பனிக் குளிசை வருகிற காலம், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் பங்கு. அதை நான் யாருக்கும் மறைக்கப் போவதில்லை.

சனிக்கிழமைதோறும் பெட்டி நிரப்புவது நீ. அட்டையிலிருந்து குளிசையைப் பிதுக்கி எடுத்துப் போடுகிறாய், அட்டையைக் குப்பையில் போடுகிறாய். அதனால் எனக்கு வந்து சேர்வது பேரில்லாத வெறும் குளிசை.

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சனிக்கிழமை விதுர்ஷாவின் பெட்டியில் என்ன போட்டாய்?

நஸீறா


தேற்றாத்தீவு
24.09.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தப் படம் என் முகநூலில் இருந்தது உண்மை. யாரோ எடுத்திருக்கிறார்கள். உடனே அழித்துவிட்டேன். நான் வேண்டுமென்று கொடுத்தது போல எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குச் சுட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: கிளினிக் கொப்பியில் உள்ளபடிதான் நிரப்பினேன். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. காலைக் குளிசையை நான்தான் கொடுத்தேன், எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பதினாலு பேருடைய பெட்டியையும் ஒரு பின்னேரத்துக்குள் நிரப்ப வேண்டும். நடுவில் ஒருத்தியைக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இன்னொருத்தி கிணற்றடிக்கு ஓடுவாள். ஒவ்வொரு குளிசையும் எனக்கு ஞாபகம் இருக்குமா?

அந்தக் கிழமை ஒரு விசேஷமும் நடக்கவில்லை. மெலிண்டா அக்காவின் கைமாற்றைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். அவவுக்குக் கிளினிக்கில் பாதி மருந்துதான் தந்தார்கள், அது முடிந்துவிட்டது, புளியந்தீவு மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கிக் கொடுக்க அவவுக்கு ஒரு சொந்தமும் இல்லை. ஐந்து நாளைக்கு விதுர்ஷாவின் குளிசையில் எடுத்துக் கொடுத்தோம். உங்களுக்கும் தெரியும். கிளினிக் நாள் வந்து மருந்து கிடைத்ததும் எண்ணித் திருப்பி வைத்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தப் பழக்கத்தைத் தொடங்கியதும் நானில்லை. நான் வேலைக்கு வந்த முதல் மாதம், "சட்டம் பார்த்தா வலிப்பு நிக்குமா புள்ள, பக்கத்துப் பெட்டியில எடு, மறுகா வைக்கலாம்" என்று சொன்னது யார்? நீங்கள்தானே ராத்தா. இப்போது எல்லாம் என் தலையில் வந்து விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்கிறேன். திவாகரன் சேர் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பெட்டியைச் சரியாக நிரப்பினேன், இரவில் நடந்தது எனக்குத் தெரியாது என்று இருந்தது. "அவ இனி வரமாட்டா புள்ள. நீ இருக்கிறவள். யோசி" என்றார். கையெழுத்து வைத்தேன். அதில் உங்கள் பெயர் இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

என் மாமியாருக்குப் பாரிசவாதம், உங்களுக்குத் தெரியும். இந்த வேலை இல்லை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு இல்லை.

சுலோஜனா


ஏறாவூர்
29.09.2025

சுலோ,

என் பெயர் இல்லாமல் என் கழுத்துக்குக் கயிறு எழுதிக் கொடுத்திருக்கிறாய். பகலில் சரி, இரவில் தெரியாது என்றால் மிச்சம் யார்? கெட்டிக்காரி.

ஆனால் நீ எழுதிய கடிதத்திலேயே எல்லாம் கிடக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய், சோறு போதவில்லை.

மெலிண்டாவின் குளிசை ஐந்நூறு மில்லிகிராம், வேளைக்கு ஒன்று. விதுர்ஷாவின் குளிசை இருநூறு, வேளைக்கு இரண்டு. மெலிண்டாவுக்கு முடிந்தபோது நாம் விதுர்ஷாவின் இருநூறில் இரண்டிரண்டாக எடுத்துக் கொடுத்தோம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு, ஐந்து நாள். இருபது குளிசை. கிளினிக் நாள் வந்தது. மெலிண்டாவுக்கு ஐந்நூறு கிடைத்தது. நீ அதில் இருபதை எண்ணி எடுத்து, பிதுக்கி, விதுர்ஷாவின் பெட்டியில் போட்டாய். எடுத்தது இருபது, வைத்தது இருபது. பக்கத்து வீட்டில் அரிசி வாங்கினால் அதே சுண்டுப் பேணியால் அளந்து திருப்பிக் கொடுக்கிற மாதிரி. ஒன்றுகூடக் குறையவில்லை என்று எனக்கே எழுதுகிறாய். குறையாததுதான் புள்ள பிழை.

ஞாயிறு முதல் வியாழன் வரைக்கும் இருபதும் முடிந்தது. அடுத்த இரண்டு நாளுக்கு அவளுடைய சொந்தக் குளிசையைப் போட்டிருந்தாய். அதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சரியாக இருந்தது. கம்பனி மாறியிருந்தால் மிச்சம் கிடந்ததும் பெரிதாக அல்லவா இருக்கும்? இதை யோசிக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. உனக்கு எத்தனை நாள் பிடித்தது? அன்று வெள்ளிக்கிழமை நீ வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டாயே, நான் பிள்ளையை நினைத்துக் குந்தினாய் என்று உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தேன். அப்போதே உனக்குத் தெரியும்.

ஓம், கைமாற்றைப் பழக்கியது நான். என் கண்முன்னால் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவளைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிறைந்த பெட்டியைப் பூட்டி வைக்க என்னால் முடியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று ஒரு நாளும் கொப்பியில் எழுதாமல் விட்டோம். எழுதினால் திவாகரன் சேருக்குப் பிடிக்காது. மருந்து போதவில்லை என்று வெளியில் தெரிந்துவிடும். அவருக்காக மறைத்தோம். அவர் நம்மை மறைப்பாரா?

நீ கேட்கலாம், நானே இதை விசாரணையில் சொன்னால் என்ன என்று. சொல்லலாம். நான் சொன்னால் அது ஒரு முஸ்லிம் பொம்பிளை தன் பிழையைத் தமிழ்ப் பிள்ளையின் தலையில் போடுகிறாள் என்று ஆகும். அதற்கும் எழுநூறு பேர் இருப்பார்கள். நீ சொன்னால்தான் அது நடந்த கதை.

பத்தாம் திகதிக்கு இன்னும் பதினொரு நாள். என்னைக் காப்பாற்று என்று கெஞ்ச மாட்டேன். உன் அடுப்பைப் பற்றி எழுதினாய். எனக்கும் அடுப்பு இருக்கிறது. அது மட்டும்தான் சொல்ல இருக்கிறது.

நஸீறா


தேற்றாத்தீவு
12.10.2025

ராத்தா,

நீங்கள் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே போனபிறகு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் கையெழுத்து வைத்த தாளை வாசித்தார்கள். "இது சரிதானே?" என்று சபைத் தலைவர் கேட்டார். சரி என்று சொன்னேன். ஆம் ராத்தா, அங்கேயும் சரி என்றுதான் முதலில் சொன்னேன். எழும்பிப் போகலாம் என்றார்கள். எழும்பியும் விட்டேன்.

அப்போது மூலையில் இருந்த சீதேவிப்பிள்ளை அம்மா, "ஒண்டு கேக்கலாமா?" என்றா. அவ அங்கே இருக்கிறா என்பதையே நான் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டா. "மகள், அந்தப் புதன்கிழமை நான் போன் எடுக்கக்குள்ள, புள்ள நல்லா நித்திரை கொள்றா எண்டு சொன்னீங்க. சின்னனில இருந்து அவள் நித்திரையே கொள்றல்ல. எனக்குச் சந்தோசமாப் போச்சு. வாறன் எண்டு இருந்தவ, வராம வயல் வட்டைக்கு வேலைக்குப் போயிற்றன். வந்திருந்தா எனக்கு விளங்கியிருக்குமா?"

அவ என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் மீது பிழை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டா. வராமல் விட்டதால் பிள்ளை செத்ததா என்று அறிய வந்திருக்கிறா. 

எல்லாம் சொன்னேன். ஐந்நூறு, இருநூறு, இருபது, கைமாற்று. திவாகரன் சேர், "தங்கச்சி குழம்பிப்போய் இருக்கிறா, தண்ணி குடுங்க" என்று இடையில் எழும்பினார். பொலிஸ்காரர் அவரை இருக்கச் சொன்னார். மெலிண்டா அக்காவின் குளிசையை எண்ணிப் பாருங்கள் என்றேன். அங்கேயே கொண்டுவந்து எண்ணினார்கள். கொப்பிக் கணக்கைவிட இருபது குறைந்தது. அந்தப் பெரிய குளிசையை நான் பிதுக்கும்போது பார்த்தேனா என்று கேட்டார்கள். பார்த்தேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன்.

என்னை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். வழக்கு வரும் என்கிறார்கள். உங்களைத் திருப்பி எடுப்பார்கள். திவாகரன் சேருக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். இனி ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் சிறை என்று பெரிய எழுத்தில் எழுதி மருந்து அலுமாரியில் ஒட்டச் சொன்னார்கள். மருந்து போதாமல் போனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். தலைவர் அடுத்த தாளை எடுத்தார்.

முகநூலில் உங்களைப் பற்றி எழுதியவர்களுக்கு இப்போது நடந்ததை நானே எழுதிப் போட்டேன். பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள்.

வெளியே வரும்போது சீதேவிப்பிள்ளை அம்மா என்னைத் தாண்டிப் போனா. திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. முப்பத்தைந்து நாள் நான் வாய் திறக்காமல் இருந்ததை நீங்கள் மன்னிப்பீர்களா ராத்தா? விதுர்ஷாவுக்குச் செய்ததை அல்ல, அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. உங்களுக்குச் செய்ததைக் கேட்கிறேன்.

சுலோஜனா


ஆரையம்பதி
06.11.2025

சுலோ,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நாள் போய்விட்டது. நான் திரும்ப இல்லத்துக்கு வேலைக்கு வந்து இரண்டு கிழமை. நீ சொன்னதால் வந்தேன். அதை நான் மறக்கவில்லை. மகளும் இப்போது கதைக்கிறாள். முகநூலில் அந்தப் படம் இன்னும் கிடக்கிறது. அது கிடக்கும்.

அலுமாரியில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. குளிசையை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிதுக்கி வைப்பதில்லை, ஆளுக்கு முன்னால் வைத்துத்தான் பிதுக்குகிறோம். பேர் பார்க்கிறோம், அளவு பார்க்கிறோம், கொப்பியோடு ஒத்துப் பார்க்கிறோம், விழுங்கின பிறகுதான் கையெழுத்து. இரண்டு பேர் நின்று செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.

இந்த மாதமும் மெலிண்டாவுக்குப் பாதிதான் தந்தார்கள். திங்கட்கிழமை காலையோடு முடிந்தது. கிளினிக் வியாழக்கிழமை. அன்று பகலே திவாகரன் சேருக்குச் சொன்னேன். "வாங்கி அனுப்புறன்" என்றார். பின்னேரம் மறுபடி போன் எடுத்தேன். மூன்று பாமசியில் கேட்டாராம், இல்லையாம், நாளைக்குப் பார்க்கலாமாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டேன். "வலிப்பு வராத ஆளைக் கொண்டுபோய் என்ன சொல்லுவாய்? மற்றப் பதின்மூண்டு பேரையும் ஆர் பாக்கிற?" என்றார். அதுவும் நியாயம்தான். நான் ஒருத்திதான் நின்றேன்.

மெலிண்டாவின் பெட்டிக்குப் பக்கத்தில் ஸகியாவின் பெட்டி. நீ போன பிறகு வந்த பிள்ளை. அதே குளிசை, அதே ஐந்நூறு, அதே கம்பனி. இந்த முறை நான் நன்றாகப் பார்த்தேன். அட்டையைத் திருப்பி இரண்டு தரம் வாசித்தேன். முப்பது இருந்தது. அதில் ஆறு எடுத்தால் வியாழன் வரைக்கும் போதும். இருபது அல்ல, ஆறு. பிழை வர வழியே இல்லை. அலுமாரித் திறப்பு என் கையில் இருந்தது.

நான் எடுக்கவில்லை. உனக்கு வழக்கு, எனக்குப் பேரப்பிள்ளைகள். அலுமாரியைப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை விடிய முதல் வலிப்பு. தூக்கி ஓட்டோவில் ஏற்றினேன். வழியில் இரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் நிற்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்கிறா. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. மருந்தை ஏன் நிப்பாட்டினீர்கள் என்று டொக்டர் கேட்டார். இல்லத்தில் இருக்கவில்லை என்று சொன்னேன். இருந்ததடி சுலோ, முப்பது இருந்தது. பிறகு பக்கத்துப் பெட்டியில் இருந்ததையும் சொன்னேன், கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, இன்னொருவருடைய மருந்தைக் கொடுக்காமல் விட்டது சரி என்று அவரே சொன்னார். திவாகரன் சேரும் சரி என்றார். சபையிலிருந்து போன் எடுத்து, நான் ஒழுங்காக நடந்துகொண்டேன் என்றார்கள். என் கொப்பியில் ஒரு பிழையும் இல்லை.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். உன்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. அதை வைத்திருக்கிற அளவுக்கு இப்போது நான் சுத்தமான ஆள் இல்லை.

திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்கு மெலிண்டா வழமைபோல வந்து எனக்கு முன்னால் நின்றா. கையை நீட்டினா. இல்லை என்று சொன்னேன், விளங்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் விழுங்கி முடித்துப் போகும் வரைக்கும் நீட்டிய கையோடு நின்றா. நான் அந்தக் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, போய்ப் படுக்கச் சொன்னேன். அவ நன்றி சொல்லிவிட்டுப் போனா.

நஸீறா